மழைக்காலமும் கார் டயரும்: கடைசி 1.4 மில்லிமீட்டரை மிச்சம் பிடிச்சா எவ்வளவு லாபம்?

வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபர் வந்தா நம்ம சேனலுக்கு ஒரே மாதிரி ஒரு கேள்வி வரும். "சார், டயர் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. இப்பவே மாத்தணுமா, இல்ல தீபாவளி, பொங்கல் எல்லாம் முடிஞ்சு மாத்திக்கலாமா?" வில்லியனூர், பாகூர் பக்கம் இருந்து கேக்குறவங்க நிறைய. கேள்வியில தப்பே இல்ல. தீபாவளிக்குத் துணி, பட்டாசு, சீட்டுப் பணம்னு கை இறுகுற மாசத்துல 20,000 ரூபாயை ரப்பருக்குக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனா நம்ம ஊர்ல வருஷத்து மழையில பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ளதான் கொட்டுது. அதாவது டயருக்குத் தேர்வு நடக்குற மாசமும் நாம டயர் செலவைத் தள்ளிப்போடுற மாசமும் ஒண்ணு. இந்தத் தள்ளிப்போடுறதுல நிஜமா எவ்வளவு மிச்சம் ஆகுதுன்னு யாரும் கணக்குப் போட்டுப் பார்க்குறதில்ல. இன்னைக்கு அதைத்தான் போடப்போறோம்.

2024 டிசம்பர் 2, ராத்திரி

ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்து, நகராம நம்ம தலை மேலயே நின்னுச்சு. 24 மணி நேரத்துல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. சங்கராபரணி பொங்கிச்சு. அடுத்து சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்துச்சு. அதே புயலோட மிச்சம் மேற்கே நகர்ந்து டிசம்பர் 2-ஆம் தேதி கேரளாவுல பெரிய மழையா இறங்கிச்சு.

அன்னைக்கு ராத்திரி ஆலப்புழா பக்கத்துல களர்கோடுங்கிற இடத்துல, வண்டானம் அரசு மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் சினிமா பார்க்கப் போன ஒரு டவேரா கார், நனைஞ்ச ரோட்டுல கட்டுப்பாட்டை இழந்து, எதிர்ல வந்த கேரள அரசுப் பேருந்து மேல மோதிச்சு. கார்ல 11 பேர். அஞ்சு பேர் அன்னைக்கே இறந்துட்டாங்க. ஆறாவது மாணவர் சில நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில இறந்தார்.

கேரள மோட்டார் வாகனத் துறை பார்த்தப்போ ஒரே ஒரு காரணத்தைச் சொல்லல. கொட்டுற மழை, வண்டியில அளவுக்கு மீறின ஆட்கள், லைசென்ஸ் வாங்கிச் சில மாசமே ஆன ஓட்டுநர், ஏ.பி.எஸ். இல்லாத 14 வருஷப் பழைய வண்டின்னு வரிசையாச் சொன்னாங்க. இதுல ஒவ்வொண்ணும் தனியா வந்திருந்தா பிள்ளைங்க தப்பிச்சிருக்கலாம். ஒண்ணா வந்ததுதான் கொடுமை. மழையை நம்மால மாத்த முடியாது. மத்த எல்லாமே வீட்டுல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி முடிவாகுற விஷயம். டயரும் அப்படித்தான்.

டயர் எப்படித் தண்ணி மேல ஏறுது?

கார் ரோட்டைத் தொடுற இடம் ஒரு டயருக்கு நம்ம உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கை மேலதான் ஒரு டன் வண்டி நிக்குது, திரும்புது, பிரேக் பிடிக்குது. ரோட்டுல தண்ணி நின்னா, அந்த உள்ளங்கை ரோட்டைத் தொடுறதுக்கு முன்னாடி தண்ணியை ஒதுக்கித் தள்ளணும். அந்த வேலையைச் செய்யுறதுதான் டயர்ல இருக்குற பள்ளம். நம்ம ஊர் பேச்சுல "பட்டன்".

ஒரு சின்னக் கணக்கு. 165 மி.மீ. அகல டயர், ரோட்டுல 3 மி.மீ. தண்ணி, வேகம் 80. ஒரு நொடிக்கு ஒரு டயர் ஒதுக்க வேண்டிய தண்ணி சுமார் 11 லிட்டர். வீட்டுக்கு வாங்குற 20 லிட்டர் கேன் இருக்கே, அதை ரெண்டு நொடியில காலி பண்ணுற வேகம். 40-ல போனா பாதிதான், அஞ்சரை லிட்டர். பட்டன்ல இடம் இருந்தா தண்ணி பக்கவாட்டுல ஓடிடும். பட்டன் தேய்ஞ்சு போச்சுன்னா ஓட வழி இல்லாம டயருக்கு முன்னாடி ஆப்பு மாதிரி தண்ணி சேரும். ஒரு வேகத்துக்கு மேல டயர் அந்த ஆப்பு மேல ஏறிடும். அந்த நொடியில ஸ்டீரிங் திடீர்னு லேசாயிடும், இன்ஜின் சத்தம் ஏறும். நீங்க திருப்புறது, பிரேக் பிடிக்கிறது எதுவும் ரோட்டுக்குப் போய்ச் சேராது. இதைத்தான் ஹைட்ரோபிளேனிங்னு சொல்றாங்க.

இதை முதல்ல ஆழமா ஆராய்ஞ்சவங்க கார் கம்பெனிக்காரங்க இல்ல, அமெரிக்காவோட நாசா. விமானம் நனைஞ்ச ஓடுதளத்துல வழுக்குறதைப் பத்தி 1963-ல அவங்க வெளியிட்ட அறிக்கையில ஒரு எளிய சூத்திரம் இருக்கு: டயர் மிதக்கத் தொடங்குற வேகம் டயர்ல இருக்குற காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கார் டயருக்கு அது அப்படியே துல்லியமாப் பொருந்தாது. தேய்ஞ்ச டயர் அந்தக் கணக்குக்கு முன்னாடியே மிதக்கலாம். ஆனா எந்தப் பக்கம் போகுதுன்னு புரிஞ்சுக்க உதவும். 33 பி.எஸ்.ஐ. காத்து இருந்தா மணிக்கு சுமார் 95 கி.மீ. வருது, 22-க்கு இறங்கினா சுமார் 78 ஆயிடுது. "காத்து கம்மியா இருந்தா மழையில நல்லா ஒட்டும்"னு ஒரு நம்பிக்கை நம்ம பக்கம் இருக்கு பாருங்க, அது நேர் எதிர். பெட்ரோல் பங்க்ல காத்து இலவசம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி, டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்குற அளவுக்குப் பிடிங்க. காசு செலவில்லாத ஒரே டயர் பராமரிப்பு இதுதான். (நைட்ரஜன் போடலாமான்னு கேப்பீங்க. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.)

நம்ம பக்கம் தண்ணி மட்டும் பிரச்சினை இல்ல. பாகூர் நெல் விளையுற பூமி. நடவு நேரத்துல வயல்ல இருந்து ஏறுற டிராக்டர் கேஜ் வீல் சேத்தைத் தார் ரோட்டுல கொட்டிட்டுப் போகும். அறுப்பு நேரத்துல ரோட்டுலயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அது மேல ஒரு தூறல் விழுந்தா சோப்பு போட்ட தரை மாதிரிதான். ரொம்ப நாள் கழிச்சு வர்ற முதல் மழையும் அப்படி. ரோட்டுல ஊறியிருக்குற ஆயிலும் புழுதியும் சேர்ந்து குழம்பாகுற முதல் அரை மணி நேரம் ஆபத்தானது. இதுக்குப் பட்டன் மட்டும் போதாது, வேகத்தையும் குறைக்கணும். அப்புறம் வேற ஒரு சங்கதி. வில்லியனூர்–பாகூர் ரோட்டுல மழையில யாரும் 80-ல போக முடியாது, ரோடும் விடாது. ஆனா விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலை நம்ம பக்கமாப் போன பிறகு, ஊர் ரோட்டுல 40-ல ஓடிப் பழகின அதே தேய்ஞ்ச டயர் அஞ்சே நிமிஷத்துல 90-ஐத் தொடுது. 40-ல குறை காட்டாத டயர் 90-லயும் காட்டாதுன்னு நினைக்கிறோம். மேல போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க.

உங்க டயரை இப்பவே அளந்து பாருங்க

புது கார் டயர்ல பட்டன் ஆழம் பொதுவா 7-ல இருந்து 8 மி.மீ. மத்திய மோட்டார் வாகன விதி 94-ன்படி காருக்குக் குறைஞ்சபட்சம் 1.6 மி.மீ., பைக்குக்கு 0.8 மி.மீ. டயரோட பக்கச் சுவர்ல, பட்டன் தொடங்குற ஓரத்துல ஒரு சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ.-ங்கிற எழுத்தோ இருக்கும். அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள பார்த்தா குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். தேய்ஞ்சு தேய்ஞ்சு பட்டன் அந்த மேட்டோட சமமாச்சுன்னா 1.6-க்கு வந்தாச்சு, சட்டப்படி அந்த டயர் முடிஞ்சுது.

அளக்க டெப்த் கேஜ்னு ஒரு சின்னக் கருவி ஆன்லைன்ல மலிவாவே கிடைக்குது. இல்லன்னா ஒரு தீக்குச்சியைப் பள்ளத்துல நேரா விட்டு, நகத்தால அடையாளம் வெச்சு, பசங்களோட ஸ்கேல்ல வெச்சுப் பாருங்க. ஒரு டயருக்கு மூணு இடம்: வெளி ஓரம், நடு, உள் ஓரம். உள் ஓரத்தைப் பார்க்காமத்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அலைன்மென்ட் போயிருந்தா வெளிய 4 மி.மீ. காட்டுற டயர் உள்ள மொட்டையா இருக்கும். மூணுல எது குறைவோ அதுதான் உங்க டயரோட ஆழம்.

1.6 சட்டத்தோட எல்லை. மழைக்கு அது போதாது, 3 மி.மீ.-க்குக் கீழ போனாலே மாத்திடுங்கங்கிறது பரவலாச் சொல்லப்படுற அறிவுரை. சரி, 3-க்கும் 1.6-க்கும் நடுவுல இருக்குற இந்த 1.4 மி.மீ. ரப்பரோட விலை என்ன?

கணக்கு

நாலு டயர் 20,000 ரூபாய்னு வெச்சுக்குவோம், ஒண்ணு 5,000. இது உதாரணம், உங்க வண்டிக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. 8 மி.மீ.-ல தொடங்கி 1.6 வரைக்கும் ஓட்டினா 40,000 கி.மீ. வருதுன்னு எடுத்துக்குவோம். அப்போ கிலோமீட்டருக்கு 50 பைசா.

அதே டயரை 3 மி.மீ.-ல கழட்டினா? 6.4 மி.மீ.-க்குப் பதிலா 5 மி.மீ. ரப்பரைத்தான் பயன்படுத்தியிருக்கோம். 31,250 கி.மீ. கிலோமீட்டருக்கு 64 பைசா. வித்தியாசம் 14 பைசா.

பாகூர்ல இருந்து புதுச்சேரிக்கு அப்பப்போ வேலை, வாரக் கடைசியில சொந்தக்காரங்க வீடுன்னு வருஷத்துக்கு 10,000 கி.மீ. ஓடுற வண்டிக்கு, இந்த 14 பைசா வருஷத்துக்கு 1,400 ரூபாய். மாசத்துக்கு 117 ரூபாய்.

அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் ஓடும் சார்"னு நாம இழுக்குற இழுப்புல கிடைக்கிற லாபம் மாசம் 117 ரூபாய். நானே இதை முதல் தடவை பேப்பர்ல போட்டப்போ தப்பாப் போட்டுட்டேனோன்னு திரும்பப் போட்டேன். 20,000 ரூபாய் ஒரே நாள்ல போறதால அது பெருசாத் தெரியுது. தள்ளிப்போட்டா அந்த 20,000-மும் மிச்சமாகுற மாதிரி ஒரு மயக்கம். உண்மையில மிச்சமாகுறது கடைசி 1.4 மி.மீ.-க்கான பங்கு மட்டும்தான்.

இந்த 1,400-லயும் கொஞ்சம் சாமர்த்தியமா மிச்சம் பிடிக்கலாம். மேல சொன்ன வண்டி வருஷத்துக்குச் சுமார் 1.6 மி.மீ. தேயும். ஜனவரியில அளந்து 2.8 இருந்தா, பெரிய மழை முடிஞ்சாச்சு, நான் அவசரப்பட மாட்டேன். ஆகஸ்ட்ல 1.9-க்கு வரும், அப்ப மாத்திக்கலாம். அதுவரைக்கும் கோடை மழை பெய்யுற அன்னைக்கு மெதுவாப் போங்க. செப்டம்பர்ல 3.4 இருந்தா டிசம்பர் கடைசியில 2.9-ல நிக்கும், அந்த மழைக்காலத்தை ஓட்டிடலாம். ஆனா செப்டம்பர்ல 2.5 இருக்குற டயரைத் தீபாவளி கழிச்சுப் பார்க்கலாம்னு விடுறதுதான் தப்பான நேரத்துல பிடிக்கிற மிச்சம். பொங்கலுக்குப் போட்டா வர்ற அதே புது டயரைத்தான் நாலு மாசம் முன்னாடி போடுறீங்க.

பணத்தை எப்படிச் சேர்க்குறதுன்னா, கிலோமீட்டருக்கு 64 பைசாங்கிறது மாசத்துக்கு 533 ரூபாய். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யோ, வங்கி ஆர்.டி.யோ, டயர்னு பேர் போட்டு மாசம் 550 போட்டுட்டு வாங்க. மூணு வருஷத்துல டயர் தேயுறப்போ பணம் தயாரா இருக்கும். பெட்ரோலுக்கு எப்படி மாசா மாசம் ஒதுக்குறோமோ அப்படித்தான் இதுவும். கடலூர், விழுப்புரத்துக்காரங்க நம்ம பக்கம் வந்து டேங்க் நிரப்பிட்டுப் போற அளவுக்கு லிட்டருக்குக் கணக்குப் பார்க்குற ஊரு இது.

"இன்சூரன்ஸ் இருக்கே சார்?"

இருக்கு. ஆனா முழுசா வராது. வண்டி வாங்கி அஞ்சு வருஷம் தாண்டினவங்களுக்கு ஒரு உதாரணம். மழையில வழுக்கி ஓரத்துக் கல்லுல மோதிட்டீங்க, நல்லவேளையா யாருக்கும் அடி இல்ல. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. பம்பர் 8,000-ன்னா உங்க கையில இருந்து 4,000. டயருக்கும் 50 சதவீதம்தான், அதுவும் வண்டிக்கும் சேர்ந்து சேதம் ஆகியிருந்தா மட்டும். டயர் மட்டும் கிழிஞ்சா எதுவும் கிடையாது. ரெண்டு டயர் போச்சுன்னா உங்க பங்கு 5,000. உலோகப் பாகங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல 40 சதவீதம் கழிவு. 20,000 ரூபாய் பாகத்துக்கு 8,000. 1,500 சி.சி.-க்கு உள்ள இருக்குற கார்ன்னா கட்டாயக் கழிவு 1,000. மொத்தம் 18,000 உங்க பாக்கெட்ல இருந்து.

அதோட முடியல. அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லாம சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் ஆகும். திரும்ப 20, 25, 35, 45-ன்னு ஏறி 50-க்கு வரணும். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னாடி 6,000 ரூபாய்ன்னா, இந்த அஞ்சு வருஷத்துல நீங்க கூடுதலாக் கட்டுறது 7,500 ரூபாய். ஆக 25,500. நாலு புது டயரோட விலையை விட அதிகம், அதுவும் ஒரு சின்ன மோதலுக்கு.

ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்திருந்தா பம்பர், உலோகக் கழிவு குறையும். ஆனா பல பாலிசியில அது டயருக்குப் பொருந்தாது. உங்க பாலிசியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. இன்னொரு நிபந்தனையையும் சேர்த்துப் படிங்க: வண்டியை ஓடுற நிலையில சரியா வெச்சிருக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்கணும்னு எழுதியிருப்பாங்க. சர்வேயர் மொட்டை டயரைப் பார்த்தா அதை வெச்சுக் கேள்வி எழுப்ப வாய்ப்பு இருக்கு.

களர்கோடு விபத்துல இன்னொரு விசாரணையும் நடந்துச்சு: சொந்த உபயோகத்துக்குப் பதிஞ்ச வண்டியை வாடகைக்குக் கொடுத்தாங்களான்னு. நம்ம ஊர்ல இது சர்வ சாதாரணம். "வேளாங்கண்ணிக்கு ஒரு நாள், டீசல் போட்டு ஏதோ குடுங்க"ன்னு காரைக் கொடுத்துடுவோம். தனியார் கார் பாலிசி வாடகைப் பயன்பாட்டுக்குக் கிடையாது. விபத்து ஆச்சுன்னா உங்க வண்டிக்கான கிளெய்மை மறுக்கலாம். எதிர் தரப்புக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டையும் உங்ககிட்ட வசூல் பண்ண வாய்ப்பு இருக்கு. அந்தத் தொகை லட்சங்கள்ல இருக்கும்.

கடையில என்ன கேக்கணும்?

டயர் நம்ம ஊருக்குப் புதுசில்ல, பக்கத்து நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்துல எம்.ஆர்.எஃப். ஆலையே இருக்கு. ஆனா டயர் கடைக்குப் போனா நாம கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" கடைக்காரரும் அதுக்கு ஏத்ததைத்தான் எடுத்துக் கொடுப்பார். டயர் தயாரிப்புல ஒரு இழுபறி இருக்கு. நீண்ட நாள் உழைக்கிறது, பெட்ரோல் மிச்சம் பண்ணுறது, ஈரத்துல பிடிக்கிறது, மூணையும் ஒரே ரப்பர்ல உச்சத்துக்குக் கொண்டுபோறது கஷ்டம். எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒரே சைஸ்ல ரெண்டு மூணு பட்டன் மாடல் வெச்சிருப்பாங்க. ஒண்ணு மைலேஜுக்கு, ஒண்ணு பிடிமானத்துக்கு. "ஈர ரோட்டுல பிடிக்கிற மாடல் எது, அதுக்கும் இதுக்கும் விலை எவ்வளவு வித்தியாசம்?"னு கேளுங்க. டயருக்கு 400 ரூபாய் கூடினாலும் நாலுக்கு 1,600, மூணு வருஷத்துக்கு.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். 2022-ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஏ.ஐ.எஸ். 142-ங்கிற தரத்தைக் கொண்டுவந்துச்சு. புது வடிவமைப்பு டயர்களுக்கு அந்த வருஷம் அக்டோபர் 1-ல இருந்து ஈரப் பிடிமானம், உருளும் தடை, சத்தம் மூணுக்கும் எல்லை வெச்சாங்க. அது ஒரு பாஸ் மார்க் மாதிரி. 35 வாங்கினவனும் பாஸ், 90 வாங்கினவனும் பாஸ். ஐரோப்பாவுல டயர் மேலயே ஈரப் பிடிமானத்துக்கு ஏ, பி, சி-ன்னு கிரேடு ஒட்டியிருக்கும். இங்க விக்கிற சில மாடல்லயும் அந்த லேபிள் வரும், இருந்தா பாருங்க. நம்ம ஊர் ஸ்டார் லேபிளை அதோட குழப்பிக்காதீங்க. ஸ்டார் முக்கியமா எரிபொருள் சிக்கனத்துக்கானது.

அடுத்தது தேதி. பக்கச் சுவர்ல டாட்-ன்னு தொடங்குற வரியோட கடைசி நாலு எண். 2325-ன்னா 2025-ஆம் வருஷம் 23-வது வாரம். தேதியைப் பார்க்காம வாங்கினா ரெண்டு வருஷம் குடோன்ல இருந்த டயர் உங்க தலையில விழலாம். கல்யாணம், கோயில்னு வருஷத்துக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓடுற கார் நம்ம கிராமங்கள்ல நிறைய இருக்கு. அதுல பட்டன் 6 மி.மீ. இருக்கும், ஆனா டயருக்கு எட்டு வயசு ஆகியிருக்கும். ரப்பர் கெட்டியாகி, வெடிப்பு விட்டு, ஈரத்துல பிடிக்காது. அஞ்சு வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் காட்டுங்க. பத்து வருஷம் ஆனா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்துங்கன்னு பல டயர் கம்பெனிகளே சொல்றாங்க.

சைஸை மாத்தாதீங்க. 165/80 ஆர் 14 85 டி-ன்னு இருந்தா, அந்த 85 ஒரு டயர் தாங்குற எடை 515 கிலோங்கிற குறியீடு, டி-ங்கிறது மணிக்கு 190 கி.மீ. வேக வரம்பு. இதை விடக் குறைவா வாங்கக்கூடாது. அழகுக்காக அகல டயர் போடுறவங்களுக்கு ஒரு தகவல்: அகலம் கூடினா ஒதுக்க வேண்டிய தண்ணியும் கூடும்.

செகண்ட் ஹேண்ட் டயர் பத்தி என் கருத்து நேரானது: காருக்கு வேண்டாம். 1,500 ரூபாய்க்குக் கிடைக்குற டயர்ல மூணு மி.மீ. மிச்சம் இருந்தா மி.மீ.-க்கு 500 ரூபாய் கொடுக்குறீங்க. புது டயர்ல 8 மி.மீ. 5,000-க்கு, மி.மீ.-க்கு 625. 125 ரூபாய் வித்தியாசத்துக்காக யாரோ எந்தப் பள்ளத்துலயோ அடிச்ச டயரை வாங்குறோம். மொட்டை டயர்ல சூடான கத்தியால பள்ளம் வெட்டி, கருப்பு பாலிஷ் போட்டு விக்கிற வேலையும் நடக்குது. அதுல பள்ளம் இருக்கும், அடியில ரப்பர் இருக்காது.

விலையில ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. இன்னைக்கு 5,000-க்கு வர்ற டயர் பழைய வரியில சுமார் 5,424 ஆகியிருக்கும். நாலுக்கு கிட்டத்தட்ட 1,700 ரூபாய் குறைவு. பில்லுல 18 சதவீதம்தான் போட்டிருக்கான்னு பாருங்க, பில் இல்லாம வாங்காதீங்க, வாரண்டிக்கு அது வேணும். டிராக்டர் வெச்சிருக்கவங்களுக்கு இன்னும் நல்லது, டிராக்டர் டயருக்கு 5 சதவீதம் ஆயிடுச்சு.

ரெண்டு டயருக்குத்தான் காசு இருக்குன்னா

அப்போ புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க.

தெரியும், இது விவாதமாகும். நம்ம கார் பெரும்பாலும் முன் சக்கரம் இழுக்குற வண்டி, ஸ்டீரிங் முன்னாடி, முன் டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால புதுசு முன்னாடின்னு கடையில சொல்வாங்க. நானும் பல வருஷம் அப்படித்தான் போட்டேன். ஆனா முன் டயர் வழுக்கினா வண்டி நேராப் போகும், நீங்க ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா திரும்பப் பிடிக்க வாய்ப்பு உண்டு. பின் டயர் வழுக்கினா வண்டியோட வால் சுத்தும். சாதாரண ஓட்டுநர் யாராலயும் அதைப் பிடிச்சு நிறுத்துறது ரொம்பக் கஷ்டம். அதனாலதான் எந்த வண்டியா இருந்தாலும் பட்டன் அதிகம் உள்ள டயர் பின்னாடின்னு பெரிய டயர் கம்பெனிகள் எல்லாம் சொல்றாங்க. முன்னாடி வர்ற பழசு ரெண்டும் 3-க்குக் கீழ இருந்தா மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்ப நாலுமே மாத்தணும், வட்டியில்லா தவணை கிடைச்சா எடுத்துக்குங்க. டயர் மாத்துற அன்னைக்கே அலைன்மென்ட், பேலன்சிங் செஞ்சிடுங்க. அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிச்சா புது டயரே ஒரு பக்கமாத் தேயும்.

எல்லாம் செஞ்சும் வண்டி வழுக்கினா

ஸ்டீரிங் லேசான மாதிரி தெரிஞ்சதும் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க. ஸ்டீரிங்கை நேராப் பிடிங்க, சட்டுனு திருப்பாதீங்க. பிரேக்கை மிதிக்காதீங்க. ஒண்ணு ரெண்டு நொடியில டயர் ரோட்டைத் தொடும், ஸ்டீரிங்ல கனம் திரும்ப வரும், அப்புறம் மெதுவாத் திருப்பலாம். ஸ்டீரிங்கைத் திருப்பி வெச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா, டயர் பிடிச்ச நொடியில வண்டி அந்தப் பக்கம் பாயும். எதிர்த் தடத்துக்குப் போறது பல தடவை இப்படித்தான். வால் சுத்துதுன்னா, நீங்க எங்க போகணுமோ அங்க பார்த்து அந்தப் பக்கம் திருப்புங்க.

டயர் ரோட்டுல இருக்கு, ஆனா எதிர்ல மாடு வந்துட்டுதுன்னா அது வேற. ஏ.பி.எஸ். இருக்குற வண்டியில பிரேக்கை முழுசா மிதிச்சு விடாம வைங்க. பெடல் கடகடன்னு உதைக்கும், பயந்து எடுத்துடாதீங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார் எல்லாத்துலயும் இது கட்டாயம். பழைய வண்டியில இல்லன்னா விட்டு விட்டு மிதிக்கணும்.

மழையில குரூஸ் கன்ட்ரோலை அணைச்சிடுங்க. முன்னாடி போற லாரி தண்ணியை ஒதுக்கிட்டுப் போன தடத்துலயே, நல்லா இடைவெளி விட்டுப் போங்க. ஊசுட்டேரிக் கரையிலோ சுரங்கப்பாதையிலோ தண்ணி ரோட்டைக் கடந்து ஓடுச்சுன்னா திரும்பிடுங்க. இன்ஜின்ல தண்ணி ஏறி போனா, இன்ஜின் ப்ரொடெக்ட் எடுக்காதவங்களுக்கு அந்தச் செலவு முழுசா சொந்தச் செலவு. அதைப் பத்தித் தனியா ஒரு வீடியோ போடுறேன். அதுக்குள்ள தீக்குச்சியும் ஸ்கேலும் எடுத்துட்டுப் போய் நாலு டயரையும் அளந்து, ஸ்டெப்னியையும் சேர்த்து, குறிச்சு வைங்க.